அந்தோனியம்மாவைப் பற்றி நான் எழுதியது

கொடி பிடிக்கவும் பிரேக் பார்க்கவும் நேரம் குறிக்கவும் ரயிலில் கார்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். அறிக்கை எழுதுவதைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு படிவத்தைக் கையில் தந்து நிரப்பச் சொல்வார்கள். நீங்களும் நிரப்புவீர்கள். முப்பத்தொரு வருடம் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். கடைசிப் பதினான்கு வருடமும் பெரும்பாலும் பதுளைக்கு வரும் சரக்கு ரயிலில்தான் வேலை. அந்தக் காலத்தில் எத்தனையோ அறிக்கை எழுதினேன். அவற்றில் ஒன்றுதான் சொல்லுக்குச் சொல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது மூன்று வாக்கியம்.

சரக்கு ரயிலை நாங்கள் குட்ஸ் என்போம். குட்ஸில் வேலை செய்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். பயணிகள் ரயில் எது வந்தாலும் நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். எல்ல நிலையத்தில் நிற்கும்போது வெளிநாட்டுக்காரர்கள் ரயில் கதவில் தொங்கியபடி நமக்குக் கை காட்டிக்கொண்டு போவார்கள். நாம் கோதுமை மா மூட்டையோடும் உர மூட்டையோடும் மழையில் நிற்போம். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. என்னோடு பெரும்பாலும் வந்த டிரைவர் ஜயசேன. ஹாலிஎலைக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். அதிகம் பேசாதவர். எங்கள் பேச்சு சிங்களத்தில்தான் நடக்கும்; இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

அது ஐப்பசி மாதம். மூன்று நாளாக விடாத மழை. காலை ஒன்பது மணிபோல தெமோதரையைத் தாண்டி ஹாலிஎலைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். மா ஏற்றிய பெட்டிகள், உரம் ஏற்றிய பெட்டிகள், நடுவில் இரண்டு மண்ணெண்ணெய்த் தாங்கிகள். திடீரென்று வண்டி இழுத்துப் பிடித்து நின்றது. கடைசிப் பெட்டியில் இருந்த எனக்குத் தோள் சுவரில் இடித்தது. இறங்கி முன்னால் நடந்தேன். என்ஜினுக்கு முன்னே தண்டவாளத்தின் நடுவில் ஒரு பெண் நின்றார். கையில் சிவப்புத் துவாய். தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு அப்படியே இருந்தது. வேலையைப் போட்டுவிட்டு மலையிலிருந்து நேராக இறங்கி ஓடி வந்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மூச்சு வாங்கியது.

"என்னம்மா, ஏன் நிறுத்தின?" என்று கேட்டேன்.

நான் தமிழில் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

"மேல தண்ணி ஓடுற கான் ஒடைஞ்சிருக்குங்க ஐயா. மலையில இருந்து வர்ற தண்ணி எல்லாம் ஒரு வெடிப்புக்குள்ள போகுது. போற தண்ணி கீழ எங்கயும் வெளிய வரல்ல. நேத்து வரைக்கும் வந்துச்சு."

"அதுக்கு ரயில நிறுத்துறதா?"

"உள்ள போன தண்ணி என்ன செய்யும்னு எங்களுக்குத் தெரியுங்க. எங்க லயத்து வீடுகளுக்குப் பின்னாடி அப்பிடித்தான் போச்சு. மறுநா செவுரு விழுந்துச்சு. இது உங்க ரயில் லைனுக்கு நேர் மேல இருக்கு. வந்து பாருங்க."

நான் போய்ப் பார்க்கவில்லை. மழை கொட்டியது, ஏற்றம் வழுக்கும், வண்டியை விட்டுப் போகக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஜயசேனவோ உதவி டிரைவரை என்ஜினில் இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஏறிப் போனார். கால் மணித்தியாலத்தில் முழங்கால் வரை சேற்றோடு இறங்கி வந்தார்.

"அந்த அம்மா சொல்றது சரி மாதிரித்தான் இருக்கு தம்பி," என்றார். "தண்ணி உள்ள போற சத்தம் கேக்குது. லைன் ஆட்கள் வந்து பார்க்காம நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

தகவல் கொடுத்தோம். லைன் பரிசோதிக்கிறவர்கள் வந்து சேர, பார்க்க, பேச, எல்லாமாக இரண்டரை மணித்தியாலம் போனது. மழையில் பாதித் தூரம் ஏறிப் பார்த்தார்கள். மண் அசையவில்லை. இன்றைக்கு ஆபத்து இல்லை, மெதுவாகக் கொண்டு போகலாம், கானைத் தோட்டம்தான் திருத்த வேண்டும் என்றார்கள். நடக்கிற வேகத்தில் அந்த இடத்தைக் கடந்தோம். ஒரு கல்கூட விழவில்லை. எங்களுக்குப் பின்னால் பயணிகள் ரயில் ஒன்று தெமோதரையில் காத்துக்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் போனில் படம் பிடித்து, புகார் சொல்லி, மேலிடம் வரை விஷயம் போய்விட்டது.

பதுளையில் இறங்கியதும் ஜயசேன என்னிடம் வந்து, "நின்னது நம்ம முடிவுன்னு எழுது. அந்த அம்மாவ பத்தி ரெண்டு நல்ல வார்த்தை எழுது," என்றார். சரி அண்ணே என்றேன். அவர் வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் மேலிடத்திலிருந்து போன் வந்தது.

"குட்ஸ நடு வழியில ரெண்டரை மணித்தியாலம் நிறுத்த யார் சொன்னது?"

"ஒரு பொம்பள சிவப்புத் துணி காட்டினாங்க சேர்."

"எந்தப் பொம்பள?"

"தோட்டத்துப் பொம்பள."

பிறகு அவர் கேட்டார்: "உங்க ஆளா?"

தெரிந்த ஆளா என்று அவர் கேட்டிருக்கலாம். இன்றைக்கு யோசிக்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது. அன்றைக்கு என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. எங்கள் பகுதியில் அப்போது தமிழ் கார்ட் நான் ஒருவன்தான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து, மூன்று முறை பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தவன். அடுத்த மாதம் தர உயர்வுக்கு நேர்முகப் பரீட்சை இருந்தது. தோட்டத்துக்காரி கை காட்டினாள், தோட்டத்துக்காரன் ரயிலை நிறுத்தினான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். யாரும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நானே முடிவு செய்தேன்.

"எனக்குத் தெரியாத ஆள் சேர்," என்றேன். "இப்பவே அறிக்கை தாறேன்."

அறிக்கையைச் சிங்களத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "வழியோரத் தோட்டத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் எவ்விதக் காரணமுமின்றிச் சிவப்புத் துணி காட்டி ரயிலை நிறுத்தினார். பரிசோதனையில் ஆபத்து எதுவும் காணப்படவில்லை. இத்தகையவர்கள் மீது நடவடிக்கை எடுக்காவிட்டால் இது தொடரும்."

இரண்டாவது வாக்கியம் உண்மை. முதலாவது பொய். காரணத்தை அந்தப் பெண் என் முகத்துக்கு நேரே, என் மொழியில் சொன்னார், நான் நின்று கேட்டேன். மூன்றாவதை என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. வேறு கார்டாக இருந்தால் முதல் இரண்டோடு நிறுத்தியிருப்பார். நான் தமிழன் என்பதால் ஒரு வாக்கியம் கூடுதலாக எழுதினேன்.

அந்தத் தாள் எங்கெல்லாம் போனது என்று அப்போது எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. ஜயசேன ஒருநாள், "அந்த அம்மாவ பத்தி எழுதினியா?" என்று கேட்டார். எழுதினேன் என்றேன். அது பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் எனக்குத் தர உயர்வு கிடைத்தது. வீட்டில் பால்சோறு செய்தார்கள்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை கழிந்து மூன்றாம் நாள். மறுபடி மழை. அதே குட்ஸ், அதே இறக்கம், என்ஜினில் அதே ஜயசேன. காலை எட்டு மணி தாண்டியிருந்தது. முன்பு நின்ற இடத்துக்குச் சற்று மேலே ஒரு வளைவு உண்டு. அதைத் திரும்பியதும் அவர் பிரேக் போட்டார். அன்றைக்குப் போட்ட பிரேக்குக்கும் இதற்கும் வித்தியாசம் எனக்கு உடனே தெரிந்தது. பின்னால் இருந்த பாரம் முழுக்க முன்னுக்குத் தள்ளியது. இரும்பு மோதும் சத்தம் பெட்டி பெட்டியாக என்னை நோக்கி வந்தது. பிறகு எல்லாம் நின்று, மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஓடினேன். மேட்டின் ஒரு பக்கம் முழுவதும் கரைந்து தண்டவாளத்தின் மேல் கிடந்தது. என்ஜினின் முன் சக்கரங்கள் தடம் விட்டு விலகி, என்ஜின் மண் சுவரில் சாய்ந்து நின்றது. நல்ல காலம், பள்ளத்தின் பக்கம் சாயவில்லை. மண்ணெண்ணெய்த் தாங்கிகள் இரண்டும் தண்டவாளத்தில்தான் இருந்தன. உதவி டிரைவர் குதித்துவிட்டார், நெற்றியில் இரத்தம். கண்ணாடியை உடைத்துக்கொண்டு சேறும் கல்லும் உள்ளே புகுந்திருந்தன. ஜயசேன தன் இருக்கையில்தான் இருந்தார். இடக்கால் முழங்காலுக்குக் கீழே சேற்றில் புதைந்து தெரியவில்லை.

"தாங்கிய பாரு," என்றார் என்னைக் கண்டதும். "கசியுதான்னு பாரு முதல்ல. பிறகு பின்னால எதுவும் வராம செய்."

அவரை அப்படியே விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. இந்த வேலையில் உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வரலாம். காப்பாற்ற வேண்டிய மனிதன் கண் முன்னே கிடக்கும்போது முதலில் வண்டியைப் பார்க்கப் போக வேண்டும். தாங்கிகளைச் சுற்றி வந்தேன், மோந்து பார்த்தேன், கசிவு இல்லை. அங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. மேடேறி, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று இரண்டு பக்கமும் ரயிலை நிறுத்தச் சொன்னேன். ஆம்புலன்ஸ் கேட்டேன். திரும்பி வந்தபோது என்ஜினைச் சுற்றி ஆட்கள். மேலே லயங்களிலிருந்து மண்வெட்டியும் அலவாங்குக் கம்பியுமாக இறங்கி வந்துவிட்டார்கள். ஒன்றரை மணித்தியாலம் கையாலும் கம்பியாலும் தோண்டினார்கள். அவர்களுக்கு ஜயசேன யார் என்று தெரியாது. ஒருவர் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு முகத்தில் மழை விழாமல் உரப் பையைப் பிடித்திருந்தார்.

சேற்றை அள்ளிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் நிமிர்ந்தார். எனக்கு அவரை அடையாளம் தெரிந்தது. அவருக்கும் என்னைத் தெரிந்தது.

"தோட்டத்து ஆபீசுல சொன்னேங்க ஐயா," என்றார். குரலில் கோபம் இல்லை. "காலையில ஏழு மணிக்கே சொன்னேன். லைனுக்குப் போகக் கூடாது, எதுன்னாலும் ஆபீசுல சொல்லுன்னு சொல்லியிருந்தாங்க. அதான் ஆபீசுல சொன்னேன்."

பிறகு குனிந்து மறுபடி சேற்றை அள்ளினார்.

லயத்துக் கதவொன்றைக் கழற்றி, ஜயசேனவை அதில் படுக்க வைத்து, தோளில் தூக்கி ரோட்டுக்கு ஏற்றினார்கள். தோட்டத்து லொறியில் கொஞ்சத் தூரம், பிறகு ஆம்புலன்ஸ். பதுளை வைத்தியசாலையில் அன்று மாலையே அவருடைய இடக்காலை எடுத்துவிட்டார்கள்.

அவர் பேசும் நிலைக்கு வர எட்டு நாள் ஆனது. ஒன்பதாம் நாள் போனேன். அதற்குள், சிவப்புத் துவாய் காட்டிய அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று விசாரித்திருந்தேன். அவர் பெயர் அந்தோனியம்மா என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் அறிக்கையின் பேரில் அவரைப் பொலிஸுக்கு அழைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து மாலை வரை மர வாங்கில் உட்கார வைத்து, எச்சரித்து, கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எல்லோரும் கூடி நின்றபோது அவரை முன்னால் அழைத்து, இனி யாரும் ரயில் பாதைப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஜயசேனவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"என்ன எழுதினேன்னு சரியா சொல்லு," என்றார்.

மூன்று வாக்கியத்தையும் சொன்னேன்.

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"காரணம் இல்லாமன்னு எழுதினியா. நான் மேல ஏறிப் போய்ப் பார்த்துட்டு வந்து உன்கிட்ட சொன்னேனே."

"ஆமா அண்ணே."

போர்வைக்குள் ஒரு கால் மட்டும் மேடாகத் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம். விசாரணை வைப்பாங்க. அங்க சொல்லுவியா?"

"சொல்றேன்."

"அந்த அம்மாவையும் கூப்பிடச் சொல்லு. அவங்க வராம எதுவும் முடியக் கூடாது."

விசாரணை என்ன முடிவெடுத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மண் சரிந்ததற்கு மழையும் உடைந்த கானும் காரணம் என்று எழுதினார்கள். முதல் எச்சரிக்கையைப் பதிவு செய்த விதம் தவறு என்றும் எழுதினார்கள். என் தர உயர்வைத் திரும்ப எடுத்தார்கள். அது நியாயம். கானைக் கல் வைத்துக் கட்டினார்கள். மழைக் காலத்தில் ஆபத்து என்று யார் சொன்னாலும் நேரடியாக நிலையத்துக்குச் சொல்ல ஒரு போன் இலக்கத்தை அந்த லயங்களில் ஒட்டினார்கள். ஜயசேன ஓய்வூதியத்தோடு வீட்டில் இருக்கிறார். மாதம் ஒரு முறை போவேன். தேநீர் தருவார், பேசுவோம். பழையபடி என்று சொல்ல மாட்டேன்.

இவை எல்லாம் கடிதத்தில் வந்த முடிவுகள். நான் சொல்ல வந்தது விசாரணையின் இரண்டாம் நாளைப் பற்றி.

முதல் நாள் நான் சாட்சி சொன்னேன். என் பழைய அறிக்கையைக் கோப்பிலிருந்து எடுத்து வாசிக்கச் சொன்னேன். விசாரணைக் குழுவின் தலைவர் நிதானமான மனிதர். "இது இந்த விபத்தோட சம்பந்தப்பட்டதுதானா? யோசிச்சுச் சொல்லுங்க," என்று எனக்கு ஒரு வழி விட்டார். சம்பந்தப்பட்டது என்றேன். அப்படியானால் அந்தப் பெண்ணையும் கேட்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார்.

இரண்டாம் நாள் அந்தோனியம்மா இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். வெள்ளைச் சேலை, நத்தாருக்கு வாங்கியதாக இருக்க வேண்டும். மொழிபெயர்க்க ஏற்பாடு செய்திருந்தவர் வரவில்லை. அவர் வரும் பாதையில் மண் சரிந்திருந்தது. பத்து மணி ஆனது, பதினொரு மணி ஆனது. தலைவர் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு ரெண்டு மொழியும் தெரியும்தானே. நீங்க சொல்லுங்க."

"சேர், அந்த அறிக்கைய எழுதினவன் நான். நானே மொழிபெயர்க்கிறது சரியில்ல."

"அப்ப அடுத்த மாதத்துக்குத்தான் தள்ளிப் போட வேணும். அவங்ககிட்ட கேளுங்க."

நான் அந்தோனியம்மாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார்.

"இன்னொரு நாளைக்கு லீவு குடுக்க மாட்டாங்க," என்றார். "நீங்களே சொல்லுங்க. நான் பேசுறத அப்பிடியே சொன்னா போதும்."

முதலில் என் அறிக்கையை அவருக்குப் படித்துக்காட்டச் சொன்னார்கள். பொலிஸில் அவரிடம் அது சிங்களத்தில்தான் காட்டப்பட்டிருந்தது. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அன்றுவரை அவருக்குத் தெரியாது. தாளைக் கையில் எடுத்தேன். என் கையெழுத்துத்தான். மூன்று வாக்கியத்தையும் தமிழில், அவரைப் பார்த்தபடி சொன்னேன். எவ்விதக் காரணமுமின்றி என்ற இடத்தில் ஒரு முறை நிறுத்தினேன். தண்ணீர் குடித்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "அப்பிடியா எழுதியிருக்கு," என்றார். பிறகு, "நான் காரணம் சொன்னேனுங்களே ஐயா," என்றார்.

அதையும் சிங்களத்தில் சொல்ல வேண்டும். சொன்னேன். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார்.

பிறகு விபத்து நடந்த அன்று காலையைப் பற்றிக் கேட்டார்கள். ஆறரை மணிக்குக் கானைப் பார்த்ததை, உள்ளே போகும் தண்ணீர் கலங்கலாகிவிட்டதை, ஏழு மணிக்கு ஆபீசில் சொன்னதை, தோட்டத்துத் தொரை வரட்டும் இரு என்று சொல்லப்பட்டதை, படியில் உட்கார்ந்து காத்திருந்ததை அவர் ஒழுங்காகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"எட்டு மணிக்கு மேல கீழ ஹோன் சத்தம் கேட்டுச்சு," என்றார். "குட்ஸ்தான்னு தெரியும். ஓடியிருந்தா கையக் காட்டியிருக்கலாம். குறுக்குப் பாதையில இறங்கினா அஞ்சு நிமிசம்."

"ஏன் போகவில்லை?" என்று தலைவர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

அவர் சேலை முந்தானையை விரலில் சுற்றினார். பதில் சொன்னார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். எழுதுகிறவர் எழுதினார்.

கடைசியில், கையெழுத்து வாங்குவதற்கு முன், எழுதியதை அவருக்குத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். அதுவும் என் வேலைதான். சிங்களத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தார். "முன்பு பொலிஸில் எச்சரிக்கப்பட்டிருந்ததால் பயந்து, லைனுக்குப் போகவில்லை" என்ற இடம் வந்தது. அவர் தலையசைப்பு நின்றது.

"பயந்துன்னா எழுதியிருக்கு?"

"ஆமாம்மா."

"நான் பயம்னு சொல்லலீங்களே."

நான் தாளைப் பார்த்தேன். அவர் சொன்னது என் காதில் அப்போதுதான் திரும்பக் கேட்டது. வெக்கமா இருந்துச்சுங்க என்றுதான் சொல்லியிருந்தார். பொலிஸ், எச்சரிக்கை, கையெழுத்து என்று என் தலைக்குள் இருந்ததால் என் வாய் பயம் என்று சொல்லிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் முதல் முறை அந்த அறிக்கையை எழுதியபோதும் கெடுதல் செய்யவேண்டும் என்று நான் உட்காரவில்லை.

"வெக்கம்னு சொன்னேன்," என்றார் அந்தோனியம்மா. இப்போது என்னைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்த்து, அவருக்குப் புரியாது என்று தெரிந்தும் அவரிடமே சொன்னார். "பயம் இல்லீங்க. பொலிசுக்கு நான் பயப்படல்ல. பெரட்டுல எல்லாருக்கும் முன்னாடி நிக்க வச்சாங்க. எம்மக பள்ளிக்கூடத்துல, குட்ஸ நிறுத்தினவ மகளுன்னு புள்ளைங்க சொல்லி, ரெண்டு நாளு அவ போகல்ல. மறுபடியும் ஒண்ணும் விழாமப் போனா என்ன செய்யிறதுன்னு உக்காந்துட்டேன். அந்த வெக்கத்துலதான் உக்காந்துட்டேன். அதுல அந்த டிரைவர் ஐயாவோட கால் போச்சு. பயம்னு எழுதினா அது வேற மாதிரி ஆயிரும்."

"என்ன சொல்றாங்க?" என்று தலைவர் கேட்டார்.

"நான் தப்பா மொழிபெயர்த்துட்டேன் சேர்," என்றேன். பிறகு அந்தோனியம்மா சொன்னதை முதலிலிருந்து கடைசி வரை, ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் அவரிடம் திரும்பி, "இதுதானே சொன்னீங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சொன்னேன். நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பயம் என்ற சொல்லை வெட்டி, வெட்கம் என்பதற்கான சிங்களச் சொல்லை மேலே எழுதினார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்திலும் சாட்சி கையெழுத்திட வேண்டும் என்றார் தலைவர். அந்தோனியம்மா குனிந்து, தமிழில், முழுப் பெயரையும் மெதுவாக எழுதினார். கடைசிப் பக்கத்திலும் எழுதினார்.

பிறகு நிமிர்ந்து என்னைக் கேட்டார்:

"இப்ப நான் சொன்னதுதான் அதுல இருக்கா?"

"இருக்கும்மா."

"ஒருக்கா படிங்க."

வரி வரியாக மறுபடி படித்தேன்.